ஊதாதீங்க சார்

இல்லை, அதிகாரி மேல் அண்ணன் கை வைக்கவே இல்லை. சட்டைக் காலரைப் பிடித்தார் என்பதெல்லாம் கட்டிவிட்ட கதை. பிடித்திருந்தாலும் தப்பில்லை என்று அவர் மனைவி சொன்னாள். அது வேறு விஷயம்.

கல் காட்சியகத்தின் பின்னறையில் இருபத்தாறு வருஷமாகக் கல் துடைக்கிறவர். எல்லோருக்கும் அவர் 'ஊதாதே அண்ணன்'. மேசைப் பக்கம் யார் வந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். பொடிசாக ஒன்றைக் கண்டால் மனுஷனுக்குக் குனியத் தோன்றும். குனிந்தால் தூசி என்று நினைத்து ஊதத் தோன்றும். அந்த மேசையில் தூசி மாதிரி இருப்பதுதான் சரக்கே.

இந்தக் கல்லும் அவர் கண்ணில்தான் பட்டது. தோட்டத்தில் கொட்ட வைத்திருந்த உடைசல் வாளியில் கிடந்தது. உள்ளங்கை அளவு கறுப்புக் கல். நடுவில் கடலைப்பருப்பு போகிற அளவுக்கு ஒரு குழி. லென்ஸில் பார்த்தவர் சட்டென்று மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். குழிக்குள் மயிரை விட மெல்லிய படிக ஊசிகள், கொத்துக் கொத்தாக, நுனியில் மட்டும் பச்சை. மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

ஆய்வுக்கூடத்து அம்மா வந்து பார்த்தார். "அண்ணே, இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. இன்னும் பேரே வைக்காத கல்லு. நாலு ஊசி இருந்தாலே சோதனைக்குப் போதும். திங்கக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

"எங்க வீட்லயும் ஒண்ணு பேரு வைக்காமத்தான் கெடக்கு, பன்னண்டு நாளா" என்றார் அண்ணன். பேத்தி பிறந்த குஷி. முந்தின நாள்தான் அதே லென்ஸால் குழந்தையின் கால் நகத்தைப் பார்க்கப் போய் மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை புது அதிகாரி வந்து குனிந்தார். "என்னய்யா அப்படி அதிசயம்? ஒரே தூசியா இருக்கு."

"சார், ஊதா..."

அதற்குள் ஊதிவிட்டார்.

அண்ணன் பார்த்தார். குழி, கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது.

"அது தூசி இல்ல சார்."

"பின்ன என்ன?"

"இப்ப ஊதித் தள்ளினீங்களே, அதுதான்."

அதிகாரி சிரித்தார். "சரி விடு. வரும்போதே குழி காலின்னு கல்லோட சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போடு. கல்லைத் தோட்டத்துல போட்டுடலாம்."

அண்ணன் லென்ஸை வைத்துக் கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். குழியின் விளிம்புக்கு அடியில், காற்று எட்டாத மூலையில், ஒரே ஒரு கொத்து. ஐந்து ஊசி. காலி என்று எழுதிவிட்டால் அந்த மூலையை இனி எவன் பார்க்கப் போகிறான்?

நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட கை. பேனாவை அழுத்தி எழுதினார்: 'குழியில் ஊசி இருந்தது. ஊதினதால் போச்சு. அடியில் அஞ்சு மிச்சம்.'

"என் பேரைக் கெடுக்கறியா?" அதிகாரி சீட்டைக் கிழித்தார்.

"உங்க பேரு இதுல எங்க சார் இருக்கு? கல்லுக்கு நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்?" இன்னொரு சீட்டு எழுதினார். அதுவும் கிழிந்தது. மூன்றாவது தடவை சீட்டை எடுக்கவில்லை. தடித்த மைப் பேனாவால், கல்லை வைக்கிற தகரப் பெட்டியின் மூடியிலேயே எழுதினார்.

"இப்பக் கிழிங்க, பாப்போம்."

பெட்டியைப் பீரோவில் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. "இருபத்தாறு வருஷமா ஒரே வார்த்தைதானடி சொல்றேன்!" என்று தட்டைத் தள்ளினார். "மெதுவாக் கத்துங்க, புள்ள இப்பத்தான் தூங்கிச்சு" என்றாள் மனைவி. அதற்கப்புறம் குசுகுசுவென்று திட்டினார்.

இன்று, திங்கட்கிழமை காலை, ஆய்வுக்கூடத்து அம்மா வந்தார். மூடியைச் சத்தமாக வாசித்தார். அதிகாரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"அஞ்சும் இருக்குண்ணே. போதும்."

உடனே அதிகாரிக்கு உயிர் வந்துவிட்டது. "எங்க, நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்" என்று முந்திக்கொண்டு வந்தார். அண்ணன் நகரவில்லை. கல்லுக்கு முன்னால் இரண்டு கையையும் மறைப்பாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"பாருங்க சார், நல்லாப் பாருங்க. வாயை மட்டும் மூடிக்கிட்டுப் பாருங்க."