வேலையில்லாமல் நின்ற சொல்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என்னிடம் ஓர் இங்கிலீஷ் வாத்தியார் தினமும் ஒப்புதல் வாங்கினார் என்றால் நம்ப மாட்டீர்கள். தொண்ணூறுகளில், காக்ஸ் டவுனில், சொந்த உழைப்பில் நான் போட்ட வெல்டிங் ஷெட்டு வாசலில்தான் அவர் பஸ்ஸுக்கு நிற்பார்.

ஒல்லியான ஆள். பாலிஷ் போட்ட ஷூ, கையில் நாலாய் மடித்த இங்கிலீஷ் பேப்பர். அதில் வரும் குறுக்கெழுத்தில் குறிப்பு மேலுக்கு ஒன்றைச் சொல்லும், விடை அந்தச் சொற்களுக்குள்ளேயே வேறெங்கோ ஒளிந்திருக்கும். விடை தெரிந்தாலும் உடனே எழுத மாட்டார். குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் எதற்கு வந்தது என்று எனக்குத் தமிழில் விளக்கி, நான் சரி என்ற பிறகே பேனாவைத் திறப்பார்.

ஒருநாள் ஒரே ஒரு விடை பாக்கி. அதை நிரப்பினால், தினமும் அதே குறுக்கெழுத்தில் தன்னோடு போட்டி போடும் ஸ்கூல் கணக்கு வாத்தியாரை முந்திவிடலாம். விடையைச் சொல்லி விளக்கினார்.

"குறிப்பு நடுவுல ஒரு வார்த்தை சும்மா நிக்குதே சார். அதுக்கு என்ன வேலை?" என்றேன். என் ஷெட்டில் சும்மா நிற்கிறவனை நான் விட்டதே இல்லை.

"விடை கட்டத்துல சரியா உக்காருதே முதலாளி."

"உக்காரட்டும். வேலையைச் சொல்லுங்க."

பஸ் வந்தது. கட்டத்தைக் காலியாகவே விட்டு ஏறினார். அன்று தோற்றார்.

மறுநாள் பேப்பரில் வந்த விடை அவர் சொன்னதேதான். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவரோ சிரித்துக்கொண்டே வந்தார்.

"அந்த வார்த்தைக்கும் வேலை இருக்கு முதலாளி. நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வர்றப்போதான் புரிஞ்சுது. எழுதியிருந்தா தேடியே இருக்க மாட்டேன்."

என்னைப் போலக் கறாரான ஆளை இந்த ஊரில் பார்க்க முடியாது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறியிருப்பேன்.