காலி முக்காலியின் முதல் பாட்டு

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டக் கிளப். சுதந்திரத்துக்குப் பிறகும் சீமைக்குத் திரும்பாத துரைமாரின் வருடாந்தர இசை விழா. பத்திரிகைக்கு எழுத வந்த என்னைப் பியானோவுக்கு அருகில் உட்கார வைத்துவிட்டார்கள். வாசிப்பவரின் முக்காலி காலியாக இருக்கிறது. பிற்பகலிலேயே பனிமூட்டம் தேயிலையை மறைத்துவிட்டது.

"யாருங்க வாசிக்கப் போறாங்க?" என்று கிளப் பணியாள் முத்தையாவிடம் கேட்கிறேன்.

"வாசிக்கிற தொரசாணி செத்துப் பல வருஷமாச்சுங்க. ஆனா மொதப் பாட்டு எப்பவும் அவங்களுதுதான். புதுசா வர்ற விருந்தாளிதான் பியானோ மேல இருக்கிற பாட்டுத் தாளைத் திருப்பணும். முன்வரிசையில இருக்கிற பெரிய தொர தலையாட்டுறப்ப திருப்புங்க, போதும்."

"முடிஞ்சதும்?"

"கைதட்டிறாதீங்க. தட்டினா மறுபடி மொதல்லேருந்து வாசிப்பாங்க."

வெள்ளைக்காரக் கிறுக்கு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறேன்.

விழா தொடங்கியதும் துரைமார் கண்மூடிக் கேட்கிறார்கள். எனக்குக் கேட்பது தகரக் கூரையில் நீர் சொட்டும் ஓசை மட்டும். பெரிய துரை தலையாட்டும்போதெல்லாம் திருப்புகிறேன். கடைசித் தாளும் முடிகிறது. எல்லோரும் எழுகிறார்கள்.

பின்வரிசையில் யாரோ நிதானமாகக் கைதட்டுகிறார்கள்.

திரும்பிப் பார்க்கிறேன். அங்கே வெறும் நாற்காலிகள். பக்கத்தில் நிற்கும் முத்தையாவின் இரண்டு கைகளும் தேநீர்த் தட்டைப் பிடித்திருக்கின்றன.

துரைமார் மறுபடி உட்காருகிறார்கள். பெரிய துரை என்னைப் பார்க்கிறார்.

நான் முதல் தாளுக்குத் திருப்புகிறேன்.