யூரியா இட்ட புல்

ஏறாவூர் வாவிக்கரையில் பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கிய வளவு ஒன்று இருந்தது. அதன் ஓரத்துக் கோரைப்புல்லைத் தின்ற சித்தி நபீஸா என்பவளின் ஆடுகள் அடுத்தடுத்துச் செத்தன.

"நீ கெம்பஸில செடிகொடிதானே படிக்கிறாய் மகள், மிஞ்சின மாட்டுக்கு இந்தப் புல்லை வெட்டலாமா, வேணாமா?" என்று அடுத்த வீட்டு ஸகியாவிடம் கேட்டாள்.

ஸகியாவுக்குத் தெரியவில்லை. விரிவுரையாளர் நல்லரத்தினத்திடம் போய்க் கேட்டாள்.

"மழைக்கு வயல் வட்டை உரமெல்லாம் வாவிக்குத்தான் வருது. உரம் குடிச்ச புல் செழிக்கும். அப்ப ஈயத்தையும் கூட இழுக்குமா, இல்லாட்டி வளர்ந்த உடம்பில ஈயம் ஐதாகிக் குறைஞ்சு போகுமா? வளர்த்துத்தான் பார்க்கவேணும்" என்றார் அவர்.

அது தொண்ணூற்றைந்தின் தொடக்கம். சண்டை ஓய்ந்திருந்தது. வளவுச் சேற்றைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கெம்பஸுக்குக் கொண்டுபோய், பேசின்களில் கோரையை நட்டாள். பாதிக்கு யூரியா இட்டாள், பாதிக்கு இடவில்லை. இட்டவை கரும்பச்சையாய் இடுப்பளவு எழுந்தன.

சித்திரையில் சண்டை மீண்டும் மூண்டது. கெம்பஸை மூடினார்கள். அவள் அவசரமாக இலைகளை அறுத்து, உலர்த்தி, தனித்தனிக் கடதாசிப் பைகளில் போட்டு, மேலே யூரியா இட்டது, இடாதது என்று இங்கிலீஷில் எழுதி எடுத்துக்கொண்டாள். கொழும்புக்கு அனுப்பினால்தான் ஈயத்தை அளக்கலாம்.

வழிச் சோதனைச் சாவடியில் சிப்பாயின் விரல் பையிலிருந்த யூரியா என்ற சொல்லில் நின்றது. குண்டுக்கு உதவுமென்று அந்த உரத்துக்குத் தடை வந்திருந்தது.

"எங்க யூரியா?"

"இல்ல சேர், இது புல். உரம் போட்டு வளர்த்த புல்."

அவன் எல்லாப் பைகளையும் மேசையில் கொட்டினான்.

"ஐயோ, கலக்காதீங்க சேர்!"

அவள் கெஞ்சக் கெஞ்ச அவன் சந்தேகம் கூடியது. கசக்கினான், முகர்ந்தான். மத்தியானம் தாண்டித்தான் விட்டான். கெட்டவனல்ல, ஒரு துரும்பும் சிந்தாமல் கூட்டியள்ளி, ஒரே பையில் போட்டு நீட்டினான்.

"போங்க நங்கி" என்றான், சிங்களத்தில் தங்கச்சி என்று அழைத்து.

எது உரமிட்டது, எது இடாதது என்று பஸ்ஸில் மடியில் பரப்பித் தேடினாள். காய்ந்த இலை எல்லாம் ஒரே மண்ணிறம். பேசின்களில் விட்டுவந்த வேர்களும் தண்ணீரின்றிச் செத்துப்போயின.

நபீஸா கேட்டபோது, "தெரியா சாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

"மாட்டை அங்கால வயல் வட்டைக்குக் கொண்டுபோக ஆமி விடாது. நான் எங்க போற மகள்?"

நபீஸா கரையில் இறங்கிப் புல்லறுத்தாள். புல்லுக்கட்டைத் தூக்கிவிட ஆளில்லை. ஸகியா சேற்றில் இறங்கி, அதைப் பிடித்து அவள் தலையில் ஏற்றிவிட்டாள்.