குளவி கலைந்தும் நகராத கால்கள்

பிள்ளைகளே, போன வருஷம் மழை விட்ட ஒரு காலையில், கேகாலைப் பக்கம் நான் பால் வெட்டுகிற றப்பர் தோட்டத்தில் இது நடந்தது.

என் மனைவி குவைத்தில் வீட்டு வேலை பார்க்கிறார். மகனும் மகளும் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும்தான். ரேடியோவைப் பாடவிட்டுப் படுத்தாலும் தூக்கம் சரியாக வராது. வேலையிலும் பேச்சுத் துணை கிடையாது, ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து வெட்டுவோம். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். ஒருவர் "ஹூ" என்று நீட்டிக் கூப்பிட்டால், அடுத்த பக்கம் இருப்பவர் பதிலுக்கு "ஹூ" சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தேடி வருவார்கள்.

அன்றைக்கு அடுத்த பக்கம் வெட்டியவர் ஒரு சிங்கள அக்கா. மரம், கீறல், சிரட்டை. மறுபடி மரம், கீறல், சிரட்டை. கீறுவதும் பால் வடியச் சிரட்டை வைப்பதுமாகக் கை தானாகவே வேலை செய்துகொண்டிருந்தது. அப்போது அக்காவின் ஹூ கேட்டது, விடாமல். மேலே கிளையிலிருந்து குளவிகள் கலைந்து புகை மாதிரி இறங்குவதையும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். பதில் கொடுக்கவோ ஓடவோ தோன்றவில்லை. பயம்கூட வரவில்லை. கத்தியும் கையுமாக நின்றேன்.

"துவன்ன மல்லி, துவன்ன!"

ஓடு தம்பி என்று கத்திக்கொண்டே, தப்பித்துப் போயிருக்கக்கூடிய அக்கா திரும்பி வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து என் தலையில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினார். எனக்குக் கழுத்தில் இரண்டு கொட்டு. அவருக்கு முகமெல்லாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. வார்டு வாசலில் உட்கார்ந்து நான் கும்பிடாத சாமி இல்லை.

எனக்கு மருந்து போட்ட டொக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். தூக்கம் குறைந்தால், கண் திறந்திருக்கும்போதே மூளையில் சில பகுதிகள் சில நொடி அசந்துவிடுமாம். செய்ததையே செய்துகொண்டிருந்தால் அது இன்னும் சுலபமாக வருமாம். பார்த்ததும் கேட்டதும் கை காலுக்குப் போய்ச் சேரப் பிந்திவிடுமாம்.

மறுநாள்தான் அக்கா வாய் திறந்தார்.

"ஏ மல்லி, மரத்தோட கதைச்சிக்கிட்டா இருந்த? என் மூஞ்சியப் பாரு, பலாக்காய் மாதிரி!"

"சிரிக்காதீங்க அக்கே, வலிக்கும்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிள்ளைகளே, நன்றாகத் தூங்குங்கள். தூங்கினாலும், மூளை நம்மைக் கேட்காமல் எப்போதாவது கொஞ்ச நேரம் விட்டுப் போகத்தான் செய்யும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நமக்காகத் திரும்பி வர ஒருவர் இருந்தால், நாம் தனி ஆள் இல்லை என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.