முன்வரிசையில் பன்னிரண்டு நாற்காலி

டைல்ஸ் கடைக்காரர் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்த அறைக்கு எத்தனை பெட்டி டைல்ஸ் பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். ஒரு பெட்டி கூடியதும் கிடையாது, குறைந்ததும் கிடையாது. சிமென்ட் மூட்டை சுமந்த தோளோடு வந்து மூன்று மாடி எழுப்பிய மனுஷன், சும்மாவா?

அந்த மூன்றாம் மாடியை ஒத்திகைக்கு எடுத்திருந்தது ஒரு சின்ன நாடகக் குழு. மனைவி போய்ச் சேர்ந்து, மகனும் வெளிநாட்டோடு இருந்துவிட்ட பிறகு, கடையைச் சாத்தியதும் அவர் கால்கள் தானாக மேலே ஏறின. வாடகை கேட்கத்தான் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வார். ஒருநாள் அவர்கள் செலவுக்குத் திட்டம் போடுவதைக் கேட்டவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கு, உடுப்பு, அரங்க வாடகை எல்லாம் இருந்தது. சாமான் ஏற்றி இறக்கும் கூலியைக் காணோம். அன்றிலிருந்து வரவு செலவு அவர் கையில். மேடைக்குப் பலகை அவர் கோடவுனிலிருந்தே வந்தது. போஸ்டர் அச்சடிப்பவனிடம் அவர் பேசிய பேரத்தில் அவன் பாதி விலைக்கு இறங்கினான். அப்படியும் அரங்கத்துக்குக் கட்டப் பணம் போதவில்லை. கட்டாவிட்டால் நாடகம் இல்லை, மாடியும் காலியாகிவிடும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய தொகை தருபவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி, அதில் பெயர்ச் சீட்டு. நாடகம் முடிந்ததும் நடிகர்கள் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள்.

"பன்னெண்டு நாற்காலியும் என் பொறுப்பு," என்றார் கடைக்காரர், இயக்குநர்ப் பெண்ணிடம். "கடைத்தெருவுல என் வாய்ச்சொல்லுக்கு மறுபேச்சு கிடையாதும்மா."

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். இரும்புக் கடையில், மாலை போட்ட கடைக்கார அண்ணன் படத்துக்குக் கீழே அந்த அண்ணனின் மகன் உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் நாடகத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். மரக்கடை மச்சான் கடையை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். பெயின்ட் கடைக்காரர் படுக்கையில். ஆளே அடையாளம் தெரியவில்லை. தெருவில் நின்று மிச்சப் பேரை எண்ணிப் பார்த்தார். உயிரோடு இருப்பவர்கள் ஐந்தோடு நின்றுவிட்டார்கள்.

நேரே வங்கிக்குப் போய்த் தன் பணத்தை எடுத்தார். மாடியேறி அதை இயக்குநர்ப் பெண்ணிடம் நீட்டினார்.

"எழுதிக்கம்மா. இரும்புக் கடை அண்ணன், மரக்கடை மச்சான்..." பன்னிரண்டு பேரையும் தங்குதடையில்லாமல் சொன்னார். தன் பேரைச் சொல்லவில்லை.

நாடகத்தன்று பின்வரிசைகள் பரவாயில்லாமல் நிறைந்தன. முன்வரிசையில் சீட்டுகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. கதவோரம் நின்றவரிடம் இயக்குநர்ப் பெண் வந்தாள்.

"உங்க ஆளுங்க யாரையும் காணோமே அய்யா?"

"வியாபாரிங்க. கடைய விட்டுட்டு வரணும்ல?"

"முன்னாடி வெறிச்சுன்னு இருந்தா நடிக்கிறவங்களுக்குக் கை கால் ஓடாது. நீங்களாவது வந்து உக்காருங்க."

அண்ணனின் சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் காலி. நாடகத்தில் வேடிக்கையான கட்டம் வந்தபோது பழக்கத்தில் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டார்.

முடிந்ததும் நடிகர்கள் வழக்கப்படி இறங்கி வந்து, யார் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். இயக்குநர்ப் பெண் வரிசையை ஒருமுறை பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் கையைப் பிடித்தாள்.

"மத்தவங்களுக்கும் சேத்து நீங்களே வாங்கிக்கங்கய்யா."

காய்ப்பு ஏறிய அந்தக் கையை ஒருவர் மாற்றி ஒருவர் பிடித்தார்கள்.

"சொல்லிடறேம்மா," என்றார். "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."