படங்கைக் கண்டால் பாயும் நாய்

இலங்கையில் தெரணியகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் நாய் பார்ப்பது என் வேலை. தோட்டத்தை நடத்தும் துரையின் துருக்கி இனக் காவல் நாய் கன்றுக்குட்டி அளவு இருக்கும். பகையென்று பழக்கியதை மறக்காது. அதைக் கடிக்கப் பழக்க வந்தவர் தன் கையில் சுற்றிக்கொள்ளப் பழந்துணி கேட்டார். கொழுந்தெடுக்கும்போது என் மனைவி இடுப்பில் கட்டும் முரட்டுத்துணியான படங்கில் பழையதொன்றை யோசிக்காமல் கொடுத்தேன்.

போன மாதம் கொழுந்து மலையிலிருந்து நேரே என்னிடம் வீட்டுச்சாவி வாங்க வந்த என் மனைவிமீது அது பாய்ந்தது. கட்டியிருந்த படங்கை அவிழ்த்தெறிந்ததால் தப்பினாள்.

"படங்கோட இங்க ஏன் வந்தா?" என்று துரை கத்தினார்.

அவள் என்னைத்தான் முறைத்தாள். "திருடன் படங்கு கட்டிக்கிட்டா வருவான்? யாரக் கடிக்கப் பழக்குனீங்க?"

எனக்குத் துரைமேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

நாயைப் பழக்க வருகிறவர்கள் இப்போதும் பழந்துணி கேட்கிறார்கள். துரையின் பழைய கால்சட்டையைத்தான் கொடுக்கிறேன்.