வலையில் வந்த ரோமானிய ஜாடி

பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று குருசுக்குப்பத்தில் மரப்படகு விரிசலை அடைக்கக் குங்கிலியப் பிசின் காய்ச்சினார்கள். அந்த வாசனையில், கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா நினைவில் வந்துவிட்டார்.

ஒருமுறை அவர் வலையில் வாய் உடைந்த, அடி கூரான ஜாடி ஒன்று வந்தது. அது ரோமாபுரியிலிருந்து ஒயின் கொண்டுவந்த ஜாடி என்பது பிற்பாடு மியூசியத்தில் அதேபோல் ஒன்றைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அப்பா உள்பூச்சைச் சுரண்டி முகர்ந்தார். "நம்மள மாதிரியேதான் பிசின காய்ச்சி ஒழுகாம பூசியிருக்கான்."

கறுப்புப் பூச்சில் எவனோ ஒருவனின் விரல் தடம் இருந்தது. அதில் என் விரலை வைத்தேன்.

"முழுகின கப்பல் சாமான். இது வூட்ல இருந்தா நீ கடலுக்குப் போவக்கூடாது" என்றாள் அம்மா.

"அப்ப நீ போய் மீன் புடிச்சிகினு வா."

அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் ஜாடியைக் கடலில் விட்டுவிட்டு, அப்பா மீனோடு திரும்பினார்.